நீருக்கடியில் சுழலும் பித்தளை



பனவடலிசத்திரத்தில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊரின் பெயரிலேயே பனை இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை. வானம் பார்த்த பூமி. எந்த ஆண்டில் குளம் நிறைந்தது என்பதைக் கல்யாண ஆண்டுகளைப் போல நினைவில் வைத்துப் பேசுகிறவர்கள் நாங்கள். ஆயினும் எங்கள் தங்கை வீட்டின் சோறு கடலிலிருந்துதான் வருகிறது. மச்சான் சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் பணிபுரிகிறார். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்பது கணக்கு. இந்த முறை கணக்கு நீண்டுவிட்டது. மாற்று ஆள் கப்பலேற வராததால் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு, நோன்புப் பெருநாளும் அவர் இல்லாமலே கழிந்தது.

எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் அதன்பிறகு தொலைபேசிக்கு வருவதை நிறுத்திவிட்டான். "வாப்பா பேசுறாங்க" என்று தங்கை அழைத்தால், வீட்டுப்பாடம் இருக்கிறது என்பான். கோபப்படவில்லை, அழவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் இத்தகைய மௌனத்தை உடைப்பதற்கு எங்களிடம் மந்திரம் ஏதும் இருக்கவில்லை. ஆனால் அதே மாதத்தில்தான் அவன் ஒரு படகு செய்யத் தொடங்கினான். வாப்பாவிடம் பேச மறுத்தவன் ஏன் கப்பல் செய்கிறான் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நிறுத்தியிருப்பான்.

படகு எழுபது சென்டிமீட்டர் நீளம். மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆனது. அதற்குக் 'காலியா' என்று பெயரிட்டான். வ.உ.சி. 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் இரு கப்பல்களில் ஒன்று எஸ்.எஸ். காலியா, மற்றொன்று லாவோ. ஒட்டப்பிடாரமும் எங்களைப் போல வறண்ட சீமைதான்; அங்கிருந்து புறப்பட்ட ஒருவர் கடலில் கப்பல் விட்டார். அந்தச் சங்கத்தில் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பங்குகள் வாங்கி அதை நிமிர்த்தி நிறுத்தியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்வதில்லை. பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். அவர் எடுத்தவை எட்டாயிரம். இது நிற்க.

படகுக்கான மோட்டாரும் தண்டும் எளிதில் கிடைத்துவிட்டன. பின்னால் சுழலும் உந்துவிசிறிக்குத்தான் நாள் ஆயிற்று. அவன் பேச்சில் அது 'புரொப்பல்லர்'. பிளாஸ்டிக்கில் மலிவாக உண்டு. அவன் பித்தளைதான் வேண்டும் என்றான். நாற்பது மில்லிமீட்டர் விட்டம், மூன்று இதழ்கள், நடுவில் நான்கு மில்லிமீட்டர் மரை. தபாலில் வந்து சேர்ந்தபோது அவன் முகம் வாடிப்போயிற்று. படத்தில் தங்கம்போல் இருந்தது, கையில் மங்கிய பழுப்பாக, வார்ப்பு மணலின் சொரசொரப்போடு கிடந்தது. இரு பாதி அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஒரு விளிம்புக் கோடு. ஓர் இதழின் நுனியில் சிறு பிசிறு.

வீட்டில் பித்தளை என்றால் புளி. உம்மா உடனே ஒரு கொட்டைப்பாக்களவு பழம்புளியையும் அடுப்புச் சாம்பலையும் எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அந்தப் பழுப்பு கழன்று மஞ்சள் வெளிப்பட்டது. பையன் வெயிலில் காட்டி மகிழ்ந்தான். ஆனால் இதழின் மீது நகத்தை வைத்து இழுத்தபோது அது 'கிர்ர்' என்று தடுக்கிற்று. புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த களிம்பைக் கரைக்கும். மேட்டையும் பள்ளத்தையும் அது தொடாது. பளபளப்பு ஒன்று, வழவழப்பு வேறொன்று. கண்ணுக்கு முதலாவது போதும். தண்ணீருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

எங்கள் பகுதியில் பாத்திரப் பாலீஷ் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். கோவில் விளக்குகளைத் துலக்கியவர் அவரே. எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் செம்பு அண்டாவுக்கு ஒவ்வோர் ரமலானுக்கு முன்பும் ஈயம் பூசிக் கொடுத்தவரும் அவரே. அண்டாவைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே வீச்சில் தேய்த்து உட்புறத்தை வெள்ளையாக்கும்போது எழும் அந்தப் புகையின் காரம் எங்கள் தலைமுறையின் ஷஅபான் மாதத்து வாசனை. இப்போது கண்ணில் புரை, பட்டறையைக் குறைத்துவிட்டார். பையனை அழைத்துக்கொண்டு அவரிடம் போனோம். சுழலும் துணிச் சக்கரத்தில் ஒரு நிமிடம் பிடித்தால் கண்ணாடியாகிவிடும் என்பது அவன் எண்ணம்.

ஐயா அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோகவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் மூன்று இதழ்களையும் வருடினார். பிறகு, "சக்கரத்துல வைக்க மாட்டேன் தம்பி" என்றார்.

காரணத்தை அவர் சொன்ன விதத்தில் எங்களால் சொல்ல முடியாது, சாரம் இதுதான். துணிச் சக்கரத்துக்கு மேடு எது, விளிம்பு எது என்று தெரியாது. எது எட்டுகிறதோ அதைத் தின்னும். குடத்துக்கு அதனால் கேடில்லை. குடத்தின் கழுத்து அரை மயிரளவு தேய்ந்தாலும் தண்ணீர் கொள்ளும். இதில் ஒவ்வோர் இதழும் ஒரு கணக்கான முறுக்கோடு வார்க்கப்பட்டிருக்கிறது. மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குமோ, அதைப் போல இந்த இதழ் ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் இவ்வளவு முன்னேற வேண்டும் என்பது அந்த முறுக்கின் கணக்கு. சக்கரத்தில் பிடித்தால் நுனி மெலியும், விளிம்பு மழுங்கும், மூன்றும் மூன்று விதமாகும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், படகு அதிரும். போதாததற்கு, கூர்மையான சிறு பொருளைச் சக்கரம் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். அதற்கு அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு சாட்சி.

ஆகவே கைவேலை. அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் பதினொரு மாலைகள் ஆயின.

முதலில் ஊசி அரத்தால் வார்ப்புக் கோட்டையும் பிசிறையும் மட்டும் எடுத்தான். பிறகு 220ஆம் எண் உப்புத்தாள், ஐஸ் குச்சியில் சுற்றி. அடுத்து 400, 800, கடைசியில் 1500. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்ற வேண்டும்: முந்தைய தாள் நெடுக்காகக் கீறியிருந்தால் அடுத்தது குறுக்காக. பழைய கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்த தாளுக்குப் போகலாம். அவசரப்பட்டு இரண்டு எண்ணைத் தாண்டினால், இறுதியில் பிராசோ போட்டுத் துடைக்கும்போது முதல் நாளின் கீறல் அப்படியே கண் விழித்துப் பார்க்கும். இதழ் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும் முகத்தின் வளைவை மாற்றவே கூடாது, சொரசொரப்பை மட்டும் எடுக்க வேண்டும். கொஞ்சம் மெலிவிக்க நேர்ந்தால் அதன் மறுபுறத்தில்தான்.

பிள்ளைகளை இவ்வேலையில் விடும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. தாளை எப்போதும் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். கடைசல் எளிதாக வரவேண்டும் என்பதற்காகப் பித்தளையில் பல வேளைகளில் காரீயம் சிறிது கலந்திருக்கும். அதன் தூள் மூச்சிலும் சோற்றிலும் சேரக் கூடாது. பந்தயப் படகுகளுக்கென விற்கப்படும் சில விசிறிகள் பெரிலியம் கலந்த செம்பால் ஆனவை. அவற்றின் தூள் நுரையீரலைத் தீராத நோய்க்கு ஆளாக்கும். அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே வேண்டாம். எங்கள் பையன் வேலை முடிந்ததும் ஒளுச் செய்யப் போகுமுன் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும் என்பது தங்கையின் சட்டம்.

எட்டாம் நாளில் நிறை பார்த்தோம். விசிறியின் நடுத்துளையில் நேரான மெல்லிய எஃகுக் கம்பியைச் செருகி, இணையாக நிறுத்திய இரண்டு சவர பிளேடுகளின் மேல் வைத்தால், கனமான இதழ் தானாகக் கீழே இறங்கும். எங்களுடையதில் பிசிறு இருந்த இதழ்தான் இறங்கிற்று. அதன் மறுபுறத்தில் 400ஆம் தாளால் பத்துத் தேய்ப்பு, மீண்டும் பிளேடு, மீண்டும் பத்து. எந்த இதழை மேலே வைத்தாலும் வைத்தபடி நிற்கும்வரை இது தொடர வேண்டும். அன்று மாலை முழுவதும் தராசைப் பார்ப்பது போலவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மனம் சூரத்துல் முதஃப்பிஃபீனுக்குச் சென்றது. அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்கும் அத்தியாயம் அது. வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்பவர்களைப் பற்றியது. அதே அத்தியாயத்தின் பதினான்காம் வசனத்தில்தான், அவர்கள் சம்பாதித்தவை அவர்களுடைய உள்ளங்களின் மேல் துருவாகப் படிந்துவிட்டன என்ற கருத்து வருகிறது. தராசில் தொடங்கிய பேச்சு துருவுக்கு வருவதை இத்தனை ஆண்டுகள் ஓதியும் நாங்கள் சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த வசனத்துக்கு விளக்கமாக அபூஹுரைரா (ரலி) வழியாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ள நபிமொழியில், அடியான் பாவம் செய்தால் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுவதும், அவன் மீண்டால் உள்ளம் துலக்கப்படுவதும் சொல்லப்படுகின்றன. துலக்கப்படுவதைக் குறிக்க அங்கே வரும் அரபுச் சொல், வாளைத் தீட்டித் துலக்குவோருக்கும் உலோகக் கண்ணாடியைத் துலக்குவோருக்கும் உரிய தொழிற்சொல். உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது அச்சொல் வேறொரு கனத்தோடு வந்தது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைச் சொல்லும் சூரா ஸபஉவிலும், கவசத்தின் வளையங்களை அளவோடு இணைக்குமாறு சொல்லப்படுகிறது. நபி ஒருவருக்குக் கிடைத்த அற்புதத்தோடு ஒரு பட்டறைக் கட்டளையும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இந்தச் சிறு விசிறிக்கு வரலாறும் உண்டு. கப்பலைத் திருகால் நகர்த்துவதற்கு 1836ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், தொழிலால் விவசாயி. அவருடைய திருகு மரத்தாலானது, இரண்டு முழுச் சுற்றுகள் கொண்டது. 1837இல் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தபோது எதிலோ இடித்துப் பாதி முறிந்துவிட்டது. படகு நிற்பதற்குப் பதில் முன்னிலும் வேகமாக ஓடியது. நீளமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் அத்தோடு முறிந்தது. 1845இல் ஆங்கிலேயக் கடற்படை, திருகுள்ள 'ராட்லர்' கப்பலையும் பக்கச் சக்கரங்களுள்ள 'அலெக்டோ'வையும் பின்னோடு பின்னாகக் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

எங்கள் பையனுக்குப் பிடித்த கதை இன்னொன்று. நீராவிச் சுழலியைக் கண்டறிந்த சார்லஸ் பார்சன்ஸ், 'டர்பினியா' என்ற கப்பலைக் கட்டுவதற்கு முன்பு இரண்டடி நீளப் பொம்மைப் படகு ஒன்றைச் செய்து, முறுக்கிய ரப்பர்க் கயிற்றால் ஓட்டிப் பார்த்தார். அப்படியும் 1894இல் டர்பினியா கடலில் இறங்கியபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை. விசிறி மிக வேகமாகச் சுழன்றதால் இதழ்களின் முதுகில் அழுத்தம் குறைந்து, தண்ணீரே ஆவிக்குமிழிகளாகப் பிளந்து, விசிறி வெற்றிடத்தில் வீணாகச் சுற்றியது. மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பொருத்திய பிறகே அது பறந்தது. 1897இல் 34 நாட். அறிஞர் ஒருவர் தன் நிலையத்தில் பொம்மைப் படகு விட்டார் என்பதைக் கேட்டதும் தங்கை, "அப்ப இவன் விளையாடல" என்று உம்மாவிடம் வாதாடினாள்.

இதற்கிடையே நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினொரு மாலைகளின் நடுவில் ஒரு நாள், பையன் அறியாமல் தங்கை அந்த விசிறியைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் மச்சானிடமிருந்து குரல்பதிவு வந்தது. மகனுக்கென்று சொல்லாமல், பொதுவாகப் பேசுவதுபோல் பேசியிருந்தார். கப்பல் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கிறது. இன்று முக்குளிப்போர் இறங்கி விசிறியைத் துலக்கினார்கள். சிப்பியும் பாசியும் சுண்ணமும் படிந்தால் எஞ்சின் அதிக எண்ணெய் குடிக்கும், துலக்கினால் சில விழுக்காடு மிச்சமாகும், இத்தனை பெரிய கப்பலில் அது பெரும் பணம். பிறகு ஒன்று சொன்னார். "ஏழு வருசமா அதைச் சுத்தவைக்கிற எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்துறேன். ட்ரைடாக்கில் கப்பல் ஏறினப்ப ஒரே ஒரு தடவைதான் அதைக் கண்ணால பார்த்தேன். நீங்க கையிலயே வச்சிருக்கீங்க."

பையன் அதை எத்தனை முறை கேட்டான் என்று எங்களுக்குத் தெரியாது. இரவு நெடுநேரம் திண்ணையில் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் பதில் அனுப்பவில்லை. மறுநாள் ஆசாரி ஐயாவிடம் போய், முக்குளிப்போர் தண்ணீருக்குள் எப்படி வழவழப்பைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டான். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்கள்தான் தேடிப் பார்த்துச் சொன்னோம். கப்பல் விசிறியின் சொரசொரப்பை அளக்க ஆறு சிறு உலோகத் துண்டுகள் கொண்ட 'ரூபர்ட் அளவுகோல்' ஒன்று இருக்கிறது. 'ஏ' என்பது மிக வழவழப்பு, 'எஃப்' மிகச் சொரசொரப்பு. ஒரு கையால் துண்டையும் மறுகையால் இதழையும் தடவி ஒப்பிடுவார்கள். கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலை குறைவு. இதைக் கேட்டதும் ஐயா சிரித்துவிட்டு, தம் கட்டைவிரல் நகத்தை உயர்த்திக் காட்டினார்.

இன்றைய பெருங்கப்பல்களின் விசிறி ஒன்று நூறு டன்னைத் தாண்டும். 2006இல் கடலிறங்கிய 'எம்மா மர்ஸ்க்' கப்பலுடையது ஏறத்தாழ 130 டன். அதையும் எங்கள் நாற்பது மில்லிமீட்டரையும் ஒரே விதிதான் ஆள்கிறது. இரண்டையுமே கடலோ தொட்டியோ மூடிக்கொண்ட பிறகு எவரும் பார்ப்பதில்லை.

படகை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. குளத்தில் வண்டல்தான் இருந்தது. பள்ளிவாசல் ஹவுழில் விடலாமா என்று பையன் கேட்டான். ஒளுச் செய்யும் நீரில் தண்டுக்குழாயின் கிரீஸ் கசியக் கூடும் என்று சொன்னதும் அவனே விட்டுவிட்டான். தோட்டத்துக்காரர் ஒருவர் தம் பம்புசெட் தொட்டியைக் கொடுத்தார். பன்னிரண்டடி நீளம், இடுப்பளவு ஆழம்.

முதலில், வாங்கியபடியே இருந்த இரண்டாவது விசிறியைப் பொருத்தி ஓட்டினோம். ஆம், அவன் ஒரு சோடி வரவழைத்திருந்தான். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்றான். படகு ஓடியது, ஆனால் தேன்கூட்டை உடம்புக்குள் வைத்திருப்பதுபோல் இரைந்தது. பின்தளத்தில் வைத்த ஒரு நெல்மணி துள்ளிக் கீழே விழுந்தது. பிறகு துலக்கிய விசிறி. அதே மின்கலம், அதே தொட்டி. இரைச்சல் அடங்கி, நீர் ஒதுங்கும் ஒலி மட்டும் கேட்டது. நெல்மணி வைத்த இடத்திலேயே இருந்தது. வேகத்தில் பெரிய மாற்றம் இருந்ததாகச் சொல்ல மாட்டோம். தொட்டியின் நீளத்துக்கு அதை அளக்கவும் முடியாது. ஐயாவைக் கட்டைச் சுவரில் உட்காரவைத்திருந்தோம். அவருக்குப் படகு வெள்ளை நிழலாகத்தான் தெரிந்திருக்கும். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம்" என்றார்.

பையன் படகைத் திருப்பி எடுத்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் தொலைபேசியைக் கேட்டு வாங்கினான். காணொளி எடுத்து அனுப்பினான். அதற்கு வந்த பதில் பாராட்டாக இருக்கவில்லை; மச்சான் அப்படிப்பட்டவர் அல்லர். தண்டுக்குழாயில் என்ன கிரீஸ் போட்டாய், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு சூடாகிறது, பின்பக்கம் தண்ணீர் கசிகிறதா என்று மூன்று கேள்விகள். பையன் தொட்டியருகே நின்றபடியே அவற்றுக்குப் பதில் சொல்லத் தொடங்கினான். மக்ரிப் பாங்கு ஒலித்தபோதுதான் நிறுத்தினான். தொழுதுவிட்டு மறுபடி திண்ணைக்குப் போனான். அன்று வீட்டுப்பாடம் எதையும் எவரும் நினைவூட்டவில்லை.

மச்சானின் மாற்று ஆளுக்குத் தேதி குறித்தாயிற்று என்று இப்போது சொல்கிறார்கள். கப்பலில் குறிக்கப்படும் தேதிகளை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம் என்று அவரே சொல்வார். ஆசாரி ஐயா வரும் ரமலானுக்கு முன்பு அண்டாவுக்கு ஈயம் பூசித் தருவதாக ஜமாஅத்தாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். துருத்தி ஊதவும், ஈயம் ஒட்டாத இடத்தைப் பார்த்துச் சொல்லவும் கண் தெளிந்த ஒருவன் வேண்டுமாம். எங்கள் பையன் பெயர் கொடுத்திருக்கிறான். அதற்குள் அவன் வாப்பா கரையிறங்கிவிட்டால் இருவருமாகப் போவார்கள், இன்ஷா அல்லாஹ்.